தன்ஷிகா தூங்க மாட்டாள்

ஆலங்காயத்தில் கம்பெனி வேன் சரியாக நிற்பதற்குள்ளேயே செவ்வந்தி ஓடிப்போய்த் தொற்றிக்கொண்டாள். ஜோஹராவிடம் உடனே சொல்லாவிட்டால் அவளுக்குத் தலையே வெடித்துவிடும்.

இருவரும் வாணியம்பாடியில் ஷூ தைக்கிறவர்கள். ஐந்து வருஷமாக ஒரே சீட். ஜோஹரா மாமியாரின் முட்டிவலியில் ஆரம்பித்தால், பெங்களூருக்கு சென்ட்ரிங் வேலைக்குப் போன புருஷன் போன் எடுக்காததில் செவ்வந்தி முடிப்பாள். இரண்டு மாதமாக எல்லாப் பேச்சும் செவ்வந்தியின் மகள் தன்ஷிகாவிடம்தான் வந்து நின்றது. மூன்று வயசு வாண்டு! படுக்கப் போட்டால் தண்ணி கேட்கும், ஒண்ணுக்கு வருது என்னும், ஆட்டுக்குட்டி தூங்கிடுச்சா என்று பார்க்கக் கிளம்பிவிடும். ஒருவழியாக அது கண்ணயர்ந்தாலும் செவ்வந்திக்குத் தூக்கம் வராது. போனைப் பார்த்தபடியே கிடப்பாள்.

“நீ அவள தூங்க வெக்காத. உன்னத் தூங்க வெக்கச் சொல்லிப் பாரு,” என்று நேற்று யோசனை கொடுத்தவள் ஜோஹராதான்.

“இன்னா ஆச்சு? சொல்லுடி!”

“போர்வையப் போத்தி வுட்டா, ஜோஹரா! முதுகுல தட்டிக் குடுத்தா! ‘கண்ண மூடு, அப்பா வந்துடும்’னு எனக்கே சொல்றாடி!”

அவள் போட்ட கூச்சலில் டிரைவரே திரும்பிப் பார்த்தார்.

“அப்புறம்? அவ எத்தினி மணிக்குத் தூங்குனா?”

செவ்வந்தி அடக்கமுடியாமல் சிரித்தாள்.

“எனக்கு இன்னாடி தெரியும்? காலைல அலாரம் அடிச்சித்தான் நானே எழுந்தேன்!”