கூப்பிடக் கூடாத பெயர்

டவாலி வேலைக்கு முதல் தகுதி தொண்டை. கோர்ட் வராண்டாவில் காலையிலிருந்து உட்கார்ந்து, நம் பெயர் எப்போது வரும் என்று காதைத் தீட்டிக்கொண்டு காத்திருந்த அனுபவம் உங்களுக்கும் இருக்கும். குறுக்குப் பட்டையோடு வாசலில் நின்று கத்தினானே ஒருவன், அது நான்தான். திட்டியிருந்தால் பரவாயில்லை.

எழுந்த மரியாதை

திண்டிவனத்தில் இருந்தபோது ஒருநாள் "முருகன்" என்று கூப்பிட்டேன். நாலைந்து பேர் எழுந்துவிட்டார்கள். அப்பா பெயரையும் சேர்த்துச் சொன்னதும் மற்றவர்கள் உட்கார்ந்தார்கள். பெருமுக்கல் கிராமத்துக்காரர் ஒருவர் மட்டும் கையைக் கட்டிக்கொண்டு நின்றார். உங்களை இல்லை, உட்காருங்கள் என்றேன்.

"தெரியும் சார். அவ்ளோ சத்தமா கூப்பிட்டீங்க, சும்மா குந்திக்கினு இருந்தா மரியாதையா இருக்காதேன்னு எழுந்துக்கினேன்."

படிக்கட்டு ஓரம்

அந்தத் தொண்டையோடு விழுப்புரம் மகளிர் நீதிமன்றத்துக்கு மாற்றலாகி வந்தேன். வந்த வாரமே தலைமை எழுத்தர் கூப்பிட்டு எச்சரித்தார். இரண்டு பேர் சேர்ந்து ஒரு பெண்ணைப் பாலியல் வன்கொடுமை செய்த வழக்கு. அந்தப் பெண்ணின் பெயர் வெளியே வரக் கூடாது, தீர்ப்பில்கூட முதல் சாட்சி என்றுதான் இருக்கும் என்றார். சட்டம் ஒரு பெயரை இப்படிப் பொத்திப் பாதுகாக்கும் என்று எனக்கு அதுவரை தெரியாது. ஊரையும் சொல்ல மாட்டேன். வளவனூரா, பிரம்மதேசமா என்று கேட்காதீர்கள்.

குற்றம் சாட்டப்பட்டவர்களின் சொந்தக்காரர்கள் வராண்டா நிறைய உட்கார்ந்திருந்தார்கள். அந்தப் பெண் படிக்கட்டு ஓரம் பையை இறுக்கிப் பிடித்தபடி நின்றார். இப்போதெல்லாம் தெருவில் யார் பெயர் சொல்லிக் கூப்பிட்டாலும் உடம்பு நடுங்குகிறது, இத்தனை பேர் முன்னால் கூப்பிட்டால் அப்படியே பஸ் ஏறிவிடுவேன் என்று கூட வந்த பெண் காவலரிடம் சொல்லிக்கொண்டிருந்தார். அவர் பஸ் ஏறிவிட்டால் வழக்கு என்ன ஆகும்? கிட்டே போய், உங்கள் பெயரை இங்கே கூப்பிட மாட்டேனம்மா, அவர்கள் பெயரைத்தான் கூப்பிடுவேன் என்று மெதுவாகச் சொன்னேன். நிமிர்ந்து என்னைப் பார்த்தார்.

"அப்ப அத நல்லா சத்தமா கூப்பிடுங்க சார்."

ராத்திரி ஒரு நாள், பகல் ஒரு நாள்

கதவைச் சாத்திக்கொண்டுதான் விசாரணை நடந்தது. நான் வெளியே காவல். உள்ளே என்னென்ன கேட்டார்களோ, ஒவ்வொரு வாய்தாவுக்கும் அந்தப் பெண் வந்தார், முகத்தைக் கழுவிக்கொண்டு நிமிர்ந்து நடந்து போனார். எனக்குக் கையெடுத்துக் கும்பிடத் தோன்றும்.

வராண்டாவில் குற்றம் சாட்டப்பட்ட ஒருவனுடைய பெரியப்பா எல்லோருக்கும் தைரியம் சொல்லிக்கொண்டிருந்தார். ஆயுள் தண்டனை என்றால் பதினாலு வருடம்தானாம். ஜெயிலில் பகலும் ராத்திரியும் தனித்தனி நாளாம், ஆகவே ஏழு. தலைவர் பிறந்தநாள் வந்தால் அதிலும் குறையுமாம். இந்தக் கணக்கை நம்பாதவர்கள் எங்கள் ஊர்ப் பக்கம் குறைவு. நானே பாதி நம்பியிருந்தேன்.

தீர்ப்பு நாளில் கதவு திறந்திருந்தது. குற்றவாளிகள் என்று சொன்ன பிறகும் நீதிபதி அம்மா உடனே தண்டனையைப் படிக்கவில்லை. தண்டனையைப் பற்றி ஏதாவது சொல்ல வேண்டுமா என்று அவர்களிடமே கேட்டார். அந்தப் பெண்ணின் சம்மதத்தைக் கேட்காதவர்களைக்கூடச் சட்டம் கேட்டுவிட்டுத்தான் தண்டிக்கிறது. மலைத்துப் போனேன். சேர்ந்து செய்தால் ஆளுக்குப் பாதி என்பது கிடையாது, இருவருக்கும் முழுத் தண்டனை. சட்டத்தில் குறைந்தபட்சமே இருபது வருடம். இந்த வழக்கில் ஆயுள், அதாவது எஞ்சிய இயற்கை வாழ்நாள் முழுவதும் என்று நிறுத்தி நிதானமாகப் படித்தார். பெரியப்பா விரலை மடக்கியபடியே என்னிடம் வந்தார்.

"ராத்திரிய சேத்துக்கினாக்கூட கொறையாதா சார்?"

வாசலில்

அந்தப் பெண் வெளியே வந்தார். அவர்கள் மேல்முறையீட்டுக்குப் போவார்கள், இன்னும் அலைச்சல் இருக்கலாம் என்றேன். தெரியும் என்று தலையாட்டினார். பாதிப் படி இறங்கியவர் நின்று என்னைப் பார்த்தார்.

"இனிமே யாரு எம் பேர சொல்லி கூப்பிட்டாலும் திரும்பிப் பாப்பேன் சார்."

கத்துவதற்குச் சம்பளம் வாங்கும் நான் இதுவரை செய்த உருப்படியான வேலை, ஒரு பெயரைக் கத்தாமல் இருந்ததுதான்.