கரமனையில் என்னை அடித்தவர்

சாயங்காலம் நாலு பத்துக்கு, கரமனை பஸ் ஸ்டாப்பில், என் ஆறு வயது மகளைக் கையைப் பிடித்து இழுத்தேன். ஐஸ்கிரீம் கிடைக்காத ஆத்திரத்தில் அவள் மலையாளத்தில் அலறினாள். நான் தமிழில் அதட்டினேன். லாரியில் மூட்டை இறக்கிக்கொண்டிருந்த நீலச் சட்டைக்காரர் ஓடி வந்தார். தூண் போன்ற கழுத்து, தலையில் சிவப்புத் துண்டு.

"மோளே, இவன் ஆரு?"

"அறியில்லா," என்றாள் என் மகள். தெரியாதாம்.

பிள்ளை பிடிப்பவன் என்றே முடிவு செய்துவிட்டார். முதல் அடியில் உதடு கிழிந்தது. அடுத்ததில் தரையில் கிடந்தேன். கூடியவர்கள் மிதித்தார்கள். தெரிந்த மலையாளமெல்லாம் மறந்து, "என் பொண்ணு, என் பொண்ணு" என்று தமிழிலேயே கத்தினேன். வலது கையால் என்னை அடித்தவர், குழந்தை பார்க்காதபடி இடது கையால் அவள் கண்ணைப் பொத்தியிருந்தார். அதை நினைத்தால் இப்போதும் எனக்குக் கோபம் வர மறுக்கிறது.

அந்த விரலிடுக்கு வழியே என் ரத்தத்தைக் கண்டவள், "அப்பா" என்று வீறிட்டாள். அவர் உடனே என்மேல் கவிழ்ந்து, மிச்ச உதைகளைத் தன் முதுகில் வாங்கினார்.

"தெற்றிப் போயி சாரே. திரிச்சு ரெண்டு அடிச்சோ," என்று, நடந்த தப்புக்குத் திருப்பி அடிக்கச் சொல்லிக் கன்னத்தைக் காட்டினார். கை தூக்க எனக்குத் தெம்பில்லை.

யாரோ போன் செய்து, என் மனைவி ஆட்டோவில் வந்து இறங்கினாள். நடந்ததைக் கேட்டவள் அவரைப் பார்த்துக் கைகூப்பினாள்.

"இனிமேலும் இவளை யாராவது இழுத்துண்டு போனா, இப்படியே அடிங்கோ சேட்டா."