டோபிக்காரர் நீட்டிய கை

பேத்தி இணையத்தளம் செய்கிறாள். காதால் கேட்க வேண்டியதையெல்லாம் எழுத்திலும் போட வேண்டுமாம், காது கேளாதவர்களுக்காக. இதெல்லாம் ஒரு வேலையா என்று கேட்க வாயெடுத்தவன், காஜா பேராங் தெருவின் டோபிக்காரர் ஞாபகம் வந்து மூடிக்கொண்டேன்.

நாடு சுதந்திரம் வாங்கிய புதிது. மலாய் மொழிப் பரீட்சை இல்லாமலே குடியுரிமைக்குப் பதிந்துகொள்ளச் சிறிது காலம் சலுகை கொடுத்திருந்தார்கள். அதன் கடைசி வாரம், ஒலிபெருக்கி வண்டியில் உட்கார்ந்து தமிழ் அறிவிப்பு வாசிப்பது என் வேலை. என் குரல்மேல் எனக்கு அசாத்தியத் திமிர். தெங்கேராவில் தொடங்கி காஜா பேராங் முழுக்கத் தொண்டை வற்ற வாசித்தேன்.

வண்டி வரும்போதெல்லாம் டோபிக்காரர் இஸ்திரிப் பெட்டியை வைத்துவிட்டுக் கடை வாசலுக்கு வந்து, சிரித்தபடி கையை நீட்டுவார். பாராட்டுகிறார் என்று நானும் கையசைப்பேன். வண்டி தாண்டிய பிறகும் கையை இறக்காமல் நிற்பார். இந்த மனுஷனுக்கு என்னதான் வேண்டும்? காசு கேட்கிறாரா, கேலி செய்கிறாரா? மண்டை காய்ந்ததுதான் மிச்சம். மூன்றாம் நாள் எரிச்சலில் முகத்தைத் திருப்பிக்கொண்டேன்.

கடைசி நாள் மாலை, பதிவு முடிந்து திரும்பும்போது வண்டிக்குக் குறுக்கே வந்து நின்றார்.

"என்னா தம்பி, ஒரு வாரமா சுத்துறீங்க. என்னா படம்? நோட்டீஸே குடுக்க மாட்டேங்கிறீங்க" என்றார், ஊருக்கே கேட்கும்படி.

அப்போதெல்லாம் சினிமா வண்டிதான் ஒலிபெருக்கியோடு வந்து நோட்டீஸ் வீசும். "படமில்லீங்க, குடியுரிமை" என்றேன். மறுபடியும் கையை நீட்டினார். எனக்குத் தலையும் புரியவில்லை, வாலும் புரியவில்லை. இன்னும் உரக்கச் சொன்னேன்.

"கத்தாத லா. ஜுரத்துல அவருக்குக் காது போயி பல வருஷமாச்சு" என்றார் வண்டியோட்டும் அண்ணன்.

"மொதல்லயே சொல்லக்கூடாதாண்ணே?"

"நீதான் தெனம் கையாட்டுனியே. பழக்கம்னு நெனச்சேன்."

இனி அவர் பரீட்சைக்குத்தான் போக வேண்டும். மலாயில் கேட்கும் கேள்வியைக் காதால் வாங்கிப் பதில் சொல்ல வேண்டும்.

தமிழ் நோட்டீஸ் இல்லாமல் இல்லை. வெறும் பலகை இருக்கை குத்துகிறதென்று அந்த நோட்டீஸ் கட்டின் மேல்தான் வாரம் முழுக்க உட்கார்ந்திருந்தேன். நான் வாசிக்கும்போது அது எதற்கு என்று பிரிக்கக்கூட இல்லை. எழுந்து ஒன்றை உருவிக் கொடுத்தேன். நிதானமாகப் படித்தார். கடைசித் தேதிக்கு வந்ததும் நிமிர்ந்தார்.

"இன்னிக்கா தம்பி?"

அவ்வளவு பெரிய குரலை வைத்துக்கொண்டு, நான் தலையை மட்டும் ஆட்டினேன்.