தவமணி சுமந்த சருகு

செய்தி வந்தபோது நான் தவமணி அனுப்பிய மண்ணைத்தான் அரித்துக்கொண்டிருந்தேன். மூன்று நாளுக்கு முன் வாகரை பஸ்ஸில் கொடுத்தனுப்பிய பைகள் அவை. ஒவ்வொரு பைக்குள்ளும் அவர் கையால் எழுதிய ஒரு தாள் துண்டு இருந்தது. "மேல் மண், வீரை மரத்தடி. கல்லைப் பொறுக்கிப்போட்டு அரிக்கவும்." கல்லைப் பொறுக்காமல் அரிக்கிற சோம்பேறி நான் என்பது அவருக்குத் தெரியும். மேசையில் கிடந்த கைபேசி அடித்தது. பனிச்சங்கேணியிலிருந்து பரமேஸ்வரி, எங்கள் காட்டுத் துண்டில் வேலை செய்கிறவர்.

"சேர், தவமணியக்கா மோசம் போயிட்டா. டெங்குக் காய்ச்சலாம். நேத்து ஆசுபத்திரிக்குக் கொண்டு போனது, இண்டைக்குக் காலையில முடிஞ்சிற்று."

"சரி" என்றேன். போனை வைத்துவிட்டு மிச்சமிருந்த இரண்டு பைகளையும், கல்லைப் பொறுக்கிப்போட்டு, ஒழுங்காக அரித்து முடித்தேன். பிறகு கதிரையில் உட்கார்ந்து, பரிசோதனைக் கூடத்துப் பிள்ளைகள் பார்த்துக்கொண்டிருக்க, வாய்விட்டு அழுதேன்.

தவமணியைத் தெரிந்தவர்களுக்காக இதை எழுதுகிறேன். மாங்கேணியிலிருந்து வாகரை வரை அவரிடம் ஏச்சு வாங்காதவர்கள் குறைவு. பச்சை மரத்தில் கத்தி வைத்தவனும் வாங்கியிருக்கிறான், பஸ்ஸைப் பிந்திக் கொண்டுவந்த சாரதியும் வாங்கியிருக்கிறார். எங்கள் திட்டத்தில் நான் இணைப்பாளர், அவர் கள உத்தியோகத்தர். இருவருக்கும் கிட்டத்தட்ட ஒரே வயது. பதினொரு வருடம் சேர்ந்து வேலை செய்தோம். அதில் கடைசி நாலு வருடமும், அவரிடம் சொல்லியே ஆகவேண்டிய ஒன்றைச் சொல்லாமல் வைத்திருந்தேன். அதையும் இங்கே எழுதப் போகிறேன். பொறுத்துக்கொள்ளுங்கள்.

முதலில் எங்கள் காட்டுத் துண்டைப் பற்றிச் சொல்லவேண்டும். காட்டை வெட்டிச் சோளமும் கச்சானும் போட்டுப் போட்டு, மண் வெறும் மணலாகிப்போனபின் கைவிடப்பட்ட சேனை நிலம் அது. அதைத் திரும்பக் காடாக்குவதுதான் வேலை. நான் முதல்நாள் லொறி நிறையத் தேக்கங்கன்றுகளோடு போய் இறங்கினேன். தவமணி வெற்றிலையைக் கொடுப்புக்குள் ஒதுக்கிவிட்டு லொறியை மேலும் கீழும் பார்த்தார்.

"எல்லாம் ஒரே சாதியா சேர்?"

"ஓம், நல்ல கன்றுகள்."

"அப்ப தோட்டமெண்டு சொல்லுங்க. காடெண்டு சொல்லாதீங்க."

எனக்குக் கோபம் வந்தது. பட்டம் பெற்றவன் அல்லவா நான். அவர் ஒரு பாய் விரிக்கிற அளவு நிலத்தைக் காட்டி, இதில் எத்தனை செடி இருக்கிறது, எண்ணிச் சொல்லுங்கள் என்றார். குந்தியிருந்து எண்ணினேன். ஆறு வகை கிடைத்தது. அவர் எண்ணினார், பதினேழு. விரல் நகமளவு நாற்றுகள் எல்லாவற்றுக்கும் பெயர் இருந்தது அவரிடம். பாலை, வீரை, முதிரை, உலுவிந்தை. "இதுகள் வரோணுமெண்டுதான் நிக்குதுகள். நாம வழிய விட்டாப் போதும்" என்றார். தேக்கங்கன்றுகளைத் திருப்பி அனுப்ப நான் பட்ட பாடு வேறு கதை. அன்றுமுதல் அந்த நிலத்தில் நாங்கள் செய்தது இரண்டே இரண்டுதான். வேலி போட்டோம், விழுகிற சருகை விழுந்த இடத்தில் கிடக்கவிட்டோம்.

சருகு விஷயத்தில் தவமணி ஒரு பொல்லாத மனிசி. யாராவது காலால் தள்ளினால்கூடச் சத்தம் போடுவார். "மரம் தானே சமைச்சுத் தானே தின்னுது. நடுவில போய்ப் பானையத் தூக்காதீங்க." நான் வருடாவருடம் மண்ணை அளந்தேன். மணல் கறுத்துக்கொண்டு வந்தது. கையில் பிடித்தால் பிடியாக நின்றது. மண்புழு வந்தது. ஏழாம் வருடம் சருகு கணுக்கால் மறையக் கிடந்தது, அதற்குள் நாற்றுகள் தலை நீட்டின. தவமணி அதைப் பார்த்துக்கொண்டு நிற்கும்போது முகத்தில் ஒரு திமிர் இருக்கும். அந்தத் திமிர் எனக்கு மிகவும் பிடிக்கும்.

அந்த ஏழாம் வருடத்தில்தான் கொழும்பிலிருந்து பெரியவர்கள் பார்க்க வருகிறார்கள் என்று அறிவித்தல் வந்தது. திட்டம் தொடருமா, நிற்குமா என்பதை அவர்கள்தான் தீர்மானிப்பார்கள். அந்தக் கிழமை தவமணி அங்கே இல்லை. மகளுக்குப் பிள்ளைப்பேறு, மட்டக்களப்பு ஆசுபத்திரியில் நின்றார். அவர்கள் வருவதற்கு முதல்நாள் நான் துண்டுக்குப் போனேன். கண்ட இடமெல்லாம் சருகு. எனக்குப் பதற்றம். நான் அமிர்தகழிக்காரன். மாமாங்கக் கோயில் தீர்த்தத் திருவிழாவுக்கு ஆட்கள் வருகிறார்கள் என்றால் எங்கள் வளவில் ஒரு இலை கிடக்கக் கூடாது. விருந்தாளி வருமுன் கூட்டாத வாசல் வாசலே இல்லை என்று வளர்ந்தவன். மண்ணைப் பற்றிப் படித்ததெல்லாம் அந்த நேரத்தில் எங்கே போனதோ தெரியாது.

பரமேஸ்வரியும் இன்னும் ஐந்து பெண்களும் நின்றார்கள். "பாதையக் கொஞ்சம் கூட்டிவிடுங்க, ஆக்கள் வருவாங்க" என்றேன். அப்போது கொழும்பிலிருந்து போன் வந்தது. பரமேஸ்வரி விளக்குமாற்றோடு பின்னால் வந்து, "உள்ளுக்கும் கூட்டவா சேர்?" என்று கேட்டார். நான் போனைக் காதில் வைத்தபடியே கையை வீசினேன்.

"ஓம், ஓம். எல்லாத்தையும் கூட்டுங்க."

அவர்கள் தயங்கினார்கள். அதை நான் கண்டேன். "தவமணியக்கா ஏசுவா" என்று ஒருத்தி சொன்னது காதில் விழுந்தது. "நான் சொல்லுறன்தானே" என்றேன். கோயில் வீதி மாதிரிக் கூட்டினார்கள். குவித்தார்கள். கொளுத்தினார்கள். சருகோடு நாற்றுகளும் போயின. அடுத்த நாள் வந்த பெரியவர் ஒருவர் "எவ்வளவு துப்புரவாக வைத்திருக்கிறீர்கள்!" என்று மெச்சினார். நான் சிரித்தேன். அந்தச் சிரிப்பை இப்போது நினைத்தாலும் என் முகத்தில் நானே அறையவேண்டும்போல் இருக்கிறது.

மூன்றாம் நாள் தவமணி வந்தார். பேத்தி பிறந்த சந்தோசத்தில் கற்கண்டு கொண்டுவந்தார். வேலிக்கு வெளியே வரும்வரை சிரித்துக்கொண்டு வந்தவர், உள்ளே கால் வைத்ததும் நின்றுவிட்டார். குனிந்து உள்ளங்கையை மண்ணில் வைத்தார். நண்பகல் வெயில். "சேர், சுடுது" என்றார். அவ்வளவுதான். ஏசுவார் என்று எதிர்பார்த்தேன். ஏசியிருந்தால் நான் சொல்லியிருப்பேன் என்று இவ்வளவு நாளும் என்னை நானே ஏமாற்றிக்கொண்டிருக்கிறேன்.

"ஆர் செஞ்ச?" என்று கேட்டார்.

"பொம்பிளையள் தெரியாமச் செஞ்சிட்டாங்க."

எப்படி வந்தது அந்தச் சொல், எனக்கே தெரியாது. வந்துவிட்டது. வந்தபின் அதைக் காப்பாற்ற வேண்டியிருந்தது. தலைமை அலுவலகத்துக்கு அறிக்கை எழுதினேன். 'ஊர்ப் பெண்கள் அறியாமையால் சருகை அகற்றி எரித்துவிட்டனர்.' எங்கள் அறிக்கைகளுக்கு இரண்டு கையெழுத்து வேண்டும், இணைப்பாளரும் கள உத்தியோகத்தரும். தவமணி அதை இரண்டு தரம் வாசித்தார்.

"வேற ஏதும் எழுத இரிக்கா சேர்?"

"இல்லை."

என்னை ஒருதரம் பார்த்தார். பிறகு பேனையை அழுத்திப் பிடித்துக் கையெழுத்துப் போட்டார். அந்த அறிக்கையால் ஆறு பெண்களையும் அந்தப் போகம் முழுவதும் வேலைக்கு எடுக்கவேண்டாம் என்று உத்தரவு வந்தது. அவர்களைத் திரும்ப எடுப்பிக்க அலுவலகத்துக்கு ஏறி இறங்கியவர் தவமணி. நான் கூடப் போகவில்லை. வேலைக்குத் திரும்பி வந்தபின் பரமேஸ்வரி எல்லாருக்கும் தேத்தண்ணி ஊற்றிக் கொடுப்பார், எனக்கு மட்டும் கொடுக்கமாட்டார். ஏன் என்று நான் கேட்டதில்லை.

மாரி வந்தது. மூடாத மண்ணில் மழை அடித்து மேல் மண்ணை வாரிக்கொண்டு போனது. பிறகு வெயில் வந்து அது ஓடுபோல் இறுகியது. நான் அளந்த கணக்கெல்லாம் ஏழு வருடம் பின்னுக்குப் போய் நின்றது. அப்போதுதான் தவமணி சருகு சுமக்கத் தொடங்கினார். அனுமதி வாங்கிக்கொண்டு, பக்கத்துக் காட்டில் பெரிய பாலையும் வீரையும் நிற்கிற இடத்திலிருந்து, பழைய உரச்சாக்கு ஒன்றில், தினமும் வேலைக்கு வரும்போது ஒரு சாக்கு. நான் உழவு மெசினில் ஒரேயடியாக ஏற்றுவோம் என்றேன். விடவில்லை. "ஒரு மரத்தடியில ஒரு கைப்பிடி. கூட எடுத்தா அந்தக் காட்டையும் நாம கூட்டினதுதான் மிச்சம்."

'நாம' என்றார். அன்று அது எனக்கு உறைக்கவில்லை.

மூன்றாம் மாரி முடிகிற நேரம் ஒருநாள் போன் எடுத்து, "உடன வாங்க சேர்" என்று மட்டும் சொல்லி வைத்துவிட்டார். யானை யாரையோ அடித்துவிட்டது என்று நினைத்துப் பதறி ஓடினேன். ஓடிப்போனால், தரையில் குந்தியிருந்து ஒரு நாற்றைக் காட்டினார். சுமந்துவந்த சருகோடு விதை வந்திருக்கிறது. பனிச்சை.

"எங்கட பனிச்சங்கேணிக்குப் பேர் குடுத்த மரம் சேர். ஊரில பேர்தான் இரிக்கு, மரம் ஒண்டும் மிச்சமில்ல. பாருங்க, எங்கட துண்டுக்குத் தானா வந்திரிக்கு!"

அன்று எல்லாருக்கும் வெற்றிலை கொடுத்தார். எனக்கும் வலுக்கட்டாயமாக ஒன்றைத் திணித்தார். திரும்பும்போது பஸ் தரிப்பில் இருவரும் நின்றோம். நல்ல மழை, என் குடைக்குள் இரண்டு பேர். அவர் றோட்டைப் பார்த்தபடி சொன்னார்: "மனசில ஏதும் கிடந்தாச் சொல்லிருங்க சேர். கிடந்தாப் புளிச்சிரும்."

இதைவிட ஒரு மனிதர் எப்படிக் கதவைத் திறந்துவிடுவார்? நான் என்ன செய்தேன் தெரியுமா? மண்ணின் புளிப்புத்தன்மை பற்றிப் போன மாதம் வந்த பெறுபேற்றைச் சொல்லத் தொடங்கினேன். அவர் கடைசிவரை கேட்டார். "நல்லம்" என்றார். பஸ் வந்தது, ஏறிப் போனார்.

செத்த வீட்டில் என்னால் கிட்டப் போக முடியவில்லை. பந்தலுக்கு வெளியே நின்றுவிட்டு வந்துவிட்டேன். முப்பத்தோராம் நாள் கிரியைக்கு அவர் வீட்டுக்கு வேளைக்கே போனேன். ஆட்கள் வருவார்கள் என்று பரமேஸ்வரி வளவைக் கூட்டிக்கொண்டிருந்தார். அந்த விளக்குமாற்றைக் கண்டதும் நான் அவருக்கு முன்னால் போய் நின்றேன். அதுவரை ஒரு கேள்வி என்னைத் தின்றுகொண்டிருந்தது. கூட்டச் சொன்னது நான் என்று ஆறு பெண்களுக்கும் தெரியும். ஆனால் நீங்களா சொன்னீர்கள் என்று தவமணி ஒருநாளும் என்னைக் கேட்கவில்லை. அப்படியென்றால் இவர்கள் எனக்குப் பயந்து வாய் திறக்கவில்லை என்றுதான் நம்பியிருந்தேன்.

"பரமேஸ்வரி, உங்களுக்குச் செய்தது பெரிய அநியாயம். ஏன் அவட்ட நீங்க உள்ளதச் சொல்லல்ல?"

அவர் நிமிர்ந்தார்.

"சொல்லல்லயா? அக்கா வந்த அண்டைக்குப் பின்னேரமே ஆறு பேரும் போய்ச் சொன்னமே சேர். அறிக்கையில ஒப்பம் வைக்க முதலே அவக்குத் தெரியும்."

நான் அங்கேயே மண்ணில் உட்கார்ந்துவிட்டேன்.

"நாங்க பெரியாக்களிட்டப் போவம் எண்டுதான் நிண்ட. அவதான் மறிச்ச. 'அந்தாள் கெட்ட மனிசன் இல்ல கா, பயந்த மனிசன். தானாச் சொல்லுவார், கொஞ்சம் பொறுங்க' எண்டவ. மறுகா ஒவ்வொரு முறை நீங்க வந்துபோற நேரமும் நாங்க கேட்பம், 'என்னக்கா, சொல்லிட்டாரா?' எண்டு. 'இன்னும் இல்ல கா' எண்டுவா." பரமேஸ்வரியின் குரல் உடைந்தது. "ஆசுபத்திரிக்குக் கொண்டுபோற அண்டைக்கும் கேட்டனான் சேர்."

என்ன சொன்னார் என்று நான் கேட்கவில்லை. கேட்கத் தைரியம் வரவில்லை. பரமேஸ்வரி உள்ளே போய், நாலு வருடத்துக்குப் பிறகு, எனக்கு ஒரு தேத்தண்ணி கொண்டுவந்து தந்தார். அதைக் குடிக்க நான் பட்ட பாடு அந்த வளவுக்குத்தான் தெரியும்.

அடுத்த நாள் அலுவலகத்தில் உட்கார்ந்து, பழைய அறிக்கையைத் திருத்தி எழுதினேன். சருகைக் கூட்டச் சொன்னவன் நான், தயங்கிய பெண்களை வற்புறுத்தியவனும் நான், பொய் எழுதியவனும் நான். ஆறு பேருடைய பெயரையும் எழுதி, அவர்கள்மேல் ஒரு குற்றமும் இல்லை என்று எழுதி அனுப்பினேன். அவரைத் தெரிந்த நீங்களும் இதைத் தெரிந்துகொள்ளுங்கள். தலைமை அலுவலகம் என்னை என்ன செய்தாலும் செய்யட்டும். இப்போது காலையில் அந்த உரச்சாக்கை நான் எடுத்துக்கொண்டு போகிறேன், ஒரு மரத்தடியில் ஒரு கைப்பிடி. பனிச்சை முழங்கால் உயரத்துக்கு வந்துவிட்டது.

தவமணியிடமிருந்து எனக்கென்று நான் வைத்திருப்பது பழைய அறிக்கையின் பிரதியைத்தான். அவர் அதிலும் அழுத்திப் போட்ட கையெழுத்து தாளின் பின்பக்கத்தில் விரலுக்குத் தட்டுப்படுகிறது. அதையும் புதிய அறிக்கையையும் பக்கத்தில் வைத்துப் பார்க்கிறேன். என் பொய்க்குக் கீழே எங்கள் இருவருடைய கையெழுத்தும் இருக்கிறது. உண்மைக்குக் கீழே என்னுடையது மட்டும்தான் இருக்கிறது.