மூன்று வெளியீடுகளும் ஒரு மன்னிப்புக் கடிதமும்

கிளீட்டஸ் அண்ணன் இறந்த செய்தி எனக்கு ஒரு வேலையாகத்தான் வந்தது. புதுக்கடையில் நான் வேலை பார்க்கும் கடையில் கல்யாணப் பத்திரிகை, ஜெபக்கூட்ட நோட்டீஸ், கண்ணீர் அஞ்சலி போஸ்டர் எல்லாம் கணினியில் வடிவமைத்துக் கொடுப்போம். அன்று காலை பதினொரு மணி இருக்கும். ராபின் அண்ணன் போனில் கூப்பிட்டார்.

"ஏட்டி பிரிஜித், போஸ்டர் ஒண்ணு அடிக்கணும்."

"யாருக்கு அண்ணா?"

"நம்ம கிளீட்டஸுக்கு."

ராபின் அண்ணன் கிளீட்டஸ் அண்ணனின் இசைக்குழுவில் டிரம்ஸ் அடித்தவர். ஏழெட்டு வருடத்துக்குப் பிறகு மறுபடி கச்சேரி வைக்கிறார்கள் என்று நினைத்து, "எந்த ஊர்ல புரோகிராம்?" என்று சந்தோஷமாகக் கேட்டுவிட்டேன். "நம்ம ஊர்லதான் மக்கா. விட்டாத்தான்" என்றார். மஞ்சள் காமாலை முற்றி அன்று விடியற்காலையில் ஆஸ்பத்திரியில் இறந்திருக்கிறார். வயது முப்பத்து மூன்று.

நண்பர்கள் போடும் இந்தச் சிறிய நினைவு மலரில் அவருடைய பாட்டைப் பற்றி எழுதும்படி ராபின் அண்ணன் என்னைக் கேட்டார். எனக்குப் பாட்டைப் பற்றி ஒன்றும் தெரியாது. அவர் வெளியிட்டவை மூன்று. அவற்றில் இரண்டுக்கு அட்டை செய்தவள் நான் என்பது மட்டும்தான் எனக்குத் தெரியும். அதில் ஒரு அட்டைக்காக நம் ஊர் அவரை விலக்கி வைத்தது. அந்த அட்டையில் இருந்த குற்றம் அவருடையது அல்ல, என்னுடையது. அதை எழுதத்தான் ஒப்புக்கொண்டேன்.

குழுவின் பெயரே பலருக்குப் பிடிக்கவில்லை. 'பதினாலாம் ஸ்தலம்.' சிலுவைப் பாதையில் இயேசுவைக் கல்லறையில் வைக்கும் கடைசி இடம் அது. அதை எலக்ட்ரிக் கிட்டார் வைத்துக் கத்துகிற நாலு பேர் தங்கள் பெயராக வைத்துக்கொண்டால் யாருக்குத்தான் பிடிக்கும்? மேடையில் முகம் முழுக்கச் சுண்ணாம்பு பூசியிருப்பார்கள். வலைநூலால் உதட்டைத் தைத்தது போல வரைந்திருப்பார்கள். கடைசிப் பாட்டில் கிளீட்டஸ் அண்ணன் ஒரு வாளி மீன்குடலைத் தன் தலையில் கவிழ்த்துக்கொள்வார். 'சாத்தானின் பிள்ளைகள்' என்று ஒரு துண்டுப் பிரசுரமே வந்தது. அதையும் நாங்கள்தான் அடித்துக் கொடுத்தோம். அந்தக் குடலைச் சேர்த்துக் கொடுத்தவர் அவருடைய அம்மா. தென்னைக்கு உரமாகப் போடத்தான் மகன் கேட்கிறான் என்று நினைத்துக் கொடுத்திருக்கிறார். "வாரத்துக்கு ஒரு வாளி போடுதான், மரம் மட்டும் காய்க்கல்ல" என்று என் அம்மாவிடம் குறைப்பட்டுக்கொண்டாராம்.

முதல் வெளியீடு 'மணல்' என்ற ஒலிநாடா. பி.ஏ. முடித்து நான் கடையில் சேர்ந்த புதிது. எங்கள் வீட்டில் கல்லூரிக்குப் போனது நான்தான் முதலில். ஆனால் கடைக்கு வருபவர்களிடம் விலை சொல்லக்கூட எனக்கு வாய் வராது. அதன் அட்டைக்குப் பாட்டு வரிகளைத் தட்டச்சு செய்ததில் ஒரு வார்த்தை புரியாமல், அதைக் கேட்க அவர்கள் பதிவு செய்துகொண்டிருந்த ஸ்டூடியோவுக்குக் கடையில் என்னை அனுப்பினார்கள். பக்திப் பாடல்கள் பதிவு செய்யும் சின்ன அறை. உள்ளே போனால் எல்லாரும் சுவரைப் பார்த்து நின்றுகொண்டிருந்தார்கள். பதிவு செய்பவர்கூட நாற்காலியைத் திருப்பிப் போட்டிருந்தார்.

"நீயும் திரும்பி நில்லு மக்கா" என்றார் ராபின் அண்ணன். "மூஞ்சில சுண்ணாம்பு இல்லாம ஆளு பாத்தா அவனுக்குக் கத்த வராது. வெக்கம்."

நானும் சுவரைப் பார்த்து நின்றேன். எனக்குப் பின்னால் அந்தச் சத்தம் எழுந்தது. அது பாட்டு என்று எனக்குத் தோன்றவில்லை. கிறிஸ்துமஸுக்கு மறுநாள் கடல் ஏறி வந்து போன பிறகு எங்கள் கரையில் கேட்டதும் அதே சத்தம்தான். அந்த நாளில் அவருடைய தங்கை ஜெனி போனாள். ஒன்பது வயது. பதிவு முடிந்ததும் அவர் வியர்வையைத் துடைத்துக்கொண்டு என்னிடம் வந்து, "பயந்துட்டியா?" என்று கேட்டார். இல்லை என்று தலையசைத்தேன். "நான் பயந்துட்டேன்" என்றார்.

இரண்டாவது வெளியீடுதான் 'தூம்பா' என்ற குறுந்தகடு. வெளியூர் நண்பர்களுக்காக ஒன்றைச் சொல்ல வேண்டும். எங்கள் ஊரில் இறந்தவர்களைக் கல்லறைக்குத் தூக்கிப்போகும் பொதுப்பெட்டிதான் தூம்பா. உடலைக் குழியில் இறக்கிவிட்டுப் பெட்டியை மறுபடி கோவிலுக்குக் கொண்டுவந்துவிடுவார்கள். இருப்பவர் இல்லாதவர் எல்லாருக்கும் அது ஒன்றுதான். ஆனால் கடல் வந்த அன்று யாருக்கும் அது கிடைக்கவில்லை. இயந்திரம் வைத்துத் தோண்டிய குழியில் பாயோடு இறக்கினார்கள். ஜெனியையும் அப்படித்தான் இறக்கினார்கள். குறுந்தகட்டில் இருந்த எட்டுப் பாட்டும் அதைப் பற்றியவை.

அட்டையில் என்ன போடுவது என்று குழுவினர் நாலு பேரும் கடையில் உட்கார்ந்து பேசினார்கள். ஒருவர் மண்டையோடு என்றார். இன்னொருவர் தீ என்றார். நான் கணினியைப் பார்த்தபடியே, "தூம்பாக்குள்ள நீங்க படுத்திருக்க மாதிரி ஒரு போட்டோ எடுத்தா?" என்றேன்.

"ஏட்டி, நீயா பேசின?" என்றார் கிளீட்டஸ் அண்ணன். பிறகு, "அவளுக்குக் கிடைக்காதது எனக்கு எதுக்கு?" என்று கேட்டார். "அதுக்காகத்தான் அண்ணா" என்றேன். அவ்வளவு நீளமாக நான் அவரிடம் பேசியதே அதுதான் முதல் தடவை.

கோவிலைப் பார்த்துக்கொள்ளும் உபதேசியார் மதியம் சாப்பிடப் போன நேரத்தில், கோவிலுக்குப் பின்னால் தூம்பா இருந்த ஓட்டுச் சாய்ப்பில் வைத்து எடுத்தோம். கடையின் கேமராவில் எடுத்தவள் நான். சுண்ணாம்பு பூசிய முகத்தோடு கண்ணை மூடிப் படுத்திருந்தார். பெட்டியின் பக்கவாட்டில், அதை நன்கொடையாகக் கொடுத்தவரின் பெயரும் எங்கள் ஊர்ப் பெயரும் வெள்ளைப் பெயிண்டில் எழுதியிருந்தன. கணினியில் அதை அழிக்க ஐந்து நிமிடம் போதும். அழிக்கவும் தொடங்கினேன். கறுப்புப் பலகைக்கு அந்த வெள்ளை எழுத்து எடுப்பாக இருந்தது. விட்டுவிட்டேன். அந்த நன்கொடையாளர் அப்போதைய ஊர்க் கமிட்டித் தலைவரின் தகப்பனார் என்பது எனக்கு நன்றாகத் தெரியும். தெரிந்திருந்தும் அதன் விளைவை யோசிக்கவில்லை. அழகாக இருக்கிறது என்று மட்டும் பார்த்தேன்.

அட்டையின் பின்பக்கம் 'வடிவமைப்பு: பிரிஜித்' என்று போட வேண்டும் என்று அவர்தான் பிடிவாதம் பிடித்தார். மதிப்பெண் பட்டியலுக்குப் பிறகு என் பெயரை அச்சில் பார்த்தது அப்போதுதான். முந்நூறு அட்டை அச்சாகி வந்தது. விற்பனைக்கு முன்னால் முகப்புப் படத்தை மட்டும் பெரிதாக்கிப் புதுக்கடை சந்திப்பில் ஒட்டினார்கள். அன்று மாலைக்குள் ஊருக்குச் செய்தி போய்விட்டது. ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்ததும் கமிட்டி கூடும் என்றார்கள்.

சனிக்கிழமை காலையில் அவர் கடைக்கு வந்தார். அப்போது என் அக்காவுக்குக் கல்யாண ஓலை வாசித்துக்கொண்டிருந்தார்கள். மூன்று ஞாயிற்றுக்கிழமை மணமக்கள் பெயரைக் கோவிலில் வாசிப்பார்கள். தடை இருந்தால் யாரும் சொல்லலாம். குடும்பத்தின் மேல் கமிட்டியில் வழக்கு இருந்தால் ஓலை அப்படியே நின்றுவிடும். மாப்பிள்ளை வீட்டார் ஏற்கெனவே ஒரு தடவை பின்வாங்கியவர்கள்.

"அண்ணா, எனக்க பேரு..." என்று தொடங்கினேன். முடிக்க முடியவில்லை.

"அக்காவுக்கு ஓலை எத்தனை வாசிச்சாச்சு?"

"ஒண்ணு."

"செரி. மார்க்கர் இருக்கா?"

பின்னறையில் தரையில் உட்கார்ந்து முந்நூறு அட்டையிலும் என் பெயரின் மேல் கறுப்பு மையால் கோடு போட்டார். நான் ஒவ்வொன்றாக வாங்கிக் காயவைத்தேன். நடுவில் மை தீர்ந்து இரண்டு மார்க்கர் வாங்கினோம். "கொள்ளாமே, நல்லாத்தான் இருக்கு கறுப்புப் பட்டை. வாங்குதவன் டிசைன்னு நினைப்பான்" என்று சிரித்தார். நானும் சிரித்தேன். இன்றுவரை என்னால் பொறுக்க முடியாதது அந்தச் சிரிப்புதான்.

மறுநாள் கமிட்டிக் கூட்டத்தில் நான் பெண்கள் பக்கம் நின்றேன். காலைப் பூசையில் அக்காவின் இரண்டாவது ஓலையை வாசித்து முடித்திருந்தார்கள்.

"படம் புடிச்சது யாருலே?" என்று தலைவர் கிளீட்டஸ் அண்ணனிடம் கேட்டார்.

"நான்தான். கேமராவைக் கல்லுமேல வச்சேன்."

"கேமரா தானா நடந்து வந்து ஒனக்க தலமாட்டுல நின்னுதாக்கும்?" என்று யாரோ கேட்க, கூட்டம் சிரித்தது.

"எந்தக் கடையில அடிச்ச?"

"நாகர்கோவில்ல."

"ஒனக்கு யாரு இந்தப் புத்தி சொன்னது?"

"யாரும் சொல்லல்ல. எனக்கே தோணிச்சு."

சொல்லும்போது அவர் என் பக்கம் திரும்பவே இல்லை. எல்லா அட்டையையும் வாங்கிக் கோவில் சுவருக்குப் பின்னால் எரித்தார்கள். மன்னிப்புக் கடிதம் எழுதித் தரும்வரை ஊர் விலக்கு என்று முடிவானது. கோவிலில் இடம் இல்லை. மீன்பிடி வள்ளத்தில் யாரும் ஏற்றக் கூடாது. அடுத்த ஞாயிறு மூன்றாவது ஓலையும் வாசித்தார்கள். என் அக்காவின் கல்யாணம் நல்லபடியாக நடந்தது.

நாலு வரி எழுதிக் கொடுத்தால் எல்லாம் தீர்ந்திருக்கும். அவர் எழுதவில்லை. ஆரல்வாய்மொழிப் பக்கம் காற்றாலையில் காவல் வேலைக்குப் போய்விட்டார். குழு சிதறியது. ஊரில் அதைத் திமிர் என்றார்கள். ஒரே ஒரு தடவை நான் அவரை அங்கே போய்ப் பார்த்தேன். கண்ணில் மஞ்சள் அப்போதே இருந்தது. குடிப்பதாகவும் தெரிந்தது.

"எழுதிக் குடுத்திரலாமே அண்ணா. அம்மா தனியா கிடக்காவ."

"எப்படிச் செய்தேன்னு எழுதணுமாம். ஒண்ணு உனக்க பேரை எழுதணும். இல்லேன்னா பொய் எழுதணும். வாயால சொன்னது காத்தோட போச்சு. கையெழுத்துப் போட்டு அதையே சொல்ல எனக்கு வராது, கேட்டியா?"

"எனக்க பேரை எழுதிருங்க" என்று நான் சொல்லியிருக்க வேண்டும். அக்காவுக்கு அப்போது குழந்தையே பிறந்துவிட்டது. நான் சொல்லவில்லை. அவர் கொடுத்த சாயாவைக் குடித்தேன்.

அன்று மூன்றாவது வெளியீட்டைக் கையில் கொடுத்தார். தன் அறையிலேயே பதிவு செய்தது. குரல் மட்டும்தான், பின்னால் காற்றாலையின் இரைச்சல். மொத்தம் முப்பது பிரதி. கத்தல் இல்லை. பேசுவது போலப் பாடியிருந்தார். பெயரும் இல்லை, அட்டையும் இல்லை. வெறும் பிளாஸ்டிக் உறை.

"அட்டை நான் செய்து தாறேன்" என்றேன்.

"வேண்டாம் மக்கா. நீ தூங்க மாட்ட."

ராபின் அண்ணன் போனில் சொன்ன 'விட்டாத்தான்' என்பதற்கு அர்த்தம், அவர் இறந்த அன்று மதியம் விளங்கியது. ஆம்புலன்ஸ் கோவில் வாசலில் நின்றது. புதிதாக வந்த பங்குத்தந்தைக்கு எதிர்ப்பு இல்லை. ஆனால் கமிட்டியின் குறிப்பேட்டில் பழைய முடிவு இருந்தது. கடிதம் வந்தால் கல்லறைத் தோட்டத்தில் இடம் உண்டு. இறந்தவரால் எழுத முடியாது என்பதால் தாயார் எழுதித் தந்தால் போதும் என்றார்கள். தாயாருக்கு எழுதத் தெரியாது. கமிட்டிச் செயலாளர் கூட்டத்தில் என்னைத் தேடி வந்தார். கெட்ட மனிதர் இல்லை. அவருக்கும் கண் கலங்கியிருந்தது.

"படிச்ச பிள்ள நீதான் இருக்க. நாலு வரி எழுது. வெயில் தாழும் முன்ன அடக்கம் முடியட்டும்."

அவர் சொல்லச் சொல்ல எழுதினேன். 'என் மகன் யாருடைய தூண்டுதலும் இல்லாமல் தானாகவே' என்ற இடத்தில் பேனா நின்றது. "எழுது பிள்ள, அவன் அன்னைக்குச் சொன்னதுதான்" என்றார் செயலாளர். ஆம்புலன்ஸின் கதவு திறந்திருந்தது. நான் எழுதினேன். இத்தனை வருடமும் தன் கையால் எழுத மாட்டேன் என்று கிளீட்டஸ் அண்ணன் மறுத்த பொய்யை அவருடைய தாயின் பெயரில் என் கை எழுதியது.

அவருடைய அம்மா வாசித்துக் காட்டச் சொன்னார். வாசித்தேன்.

"பெட்டியில கிடந்தவன் அவன். படம் எடுத்தவன் ஒருத்தன் இருக்கணுமே? இதுல எனக்க பிள்ள பேரு மட்டும்தானே இருக்கு?" என்றார்.

நான் மைப்பெட்டியைத் திறந்து அவர் முன்னால் வைத்தேன். பெருவிரலில் மை தடவி வைத்தார். நாலரை மணிக்கு அடக்கம் முடிந்தது.

முப்பதாம் நாள் பூசை முடிந்து கிளீட்டஸ் அண்ணனின் அம்மா வீட்டுக்குப் போய் எல்லாவற்றையும் சொன்னேன். சாளை மீன் அறுத்துக்கொண்டிருந்தார். கத்தி நிற்கவில்லை.

"முப்பது நாளா எனக்க வீட்டுல வந்து இருந்தியே. அப்பமெல்லாம் இத வயித்துக்குள்ளயா வச்சிருந்த?"

"ஆமா அம்மா."

"எங்கிட்ட சொல்லி என்ன? கைநாட்டு வச்சது நான்லா. ஊருக்குச் சொல்லு. எழுதத் தெரிஞ்சவதானே நீ."

என்னைப் போகவும் சொல்லவில்லை, இருக்கவும் சொல்லவில்லை. மீனைக் கழுவ எழுந்து போனார்.

அதனால் எழுதுகிறேன். இனி எங்கள் வீட்டில் நிறுத்த ஓலை எதுவும் இல்லை. ஆகவே இதை யாரும் துணிச்சல் என்று சொல்ல வேண்டாம். அவருடைய மூன்று வெளியீடுகளும் என்னிடம் இருக்கின்றன, 'தூம்பா' மட்டும் அட்டை இல்லாமல் வெறும் தகடாக. அந்தக் கடிதத்தின் நகலையும் அவற்றோடு சேர்த்து வைத்திருக்கிறேன். இந்த நான்கில் பொய் அது ஒன்றுதான், அதை எழுதியவள் நான். அசல் கோவில் அலுவலகத்தில் கோப்பில் இருக்கிறது. எப்போதாவது யாராவது அதை எடுத்து வாசித்தால், 'யாருடைய தூண்டுதலும் இல்லாமல்' என்ற இடத்தில் ஒரு நிமிடம் நிறுத்துங்கள். என் பெயரைச் சத்தமாகச் சொல்லிவிட்டு மீதியை வாசியுங்கள்.