சிவப்புத் துணியில் சுற்றிய நாவல்

மலாயாவில், சிடாம் கிரி பக்கத்து ரப்பர் தோட்டத்தில் பால்மரம் வெட்டிப் பால் எடுக்கும் குணவதிக்குக் கதைப் பைத்தியம். அது, காட்டுக்குள் ஒளிந்த கம்யூனிஸ்டுகளோடு வெள்ளைக்காரன் சண்டை போட்ட அவசரகாலம். தொழிலாளர் குடியிருக்கும் லயங்களைச் சுற்றி முள்கம்பி, வாசலில் போலீஸ், உள்ளே எது வந்தாலும் சோதனை. அதற்கெல்லாம் அசருகிற ஆளா அவள்? ஞாயிறு மாலையானால் மாரியம்மன் கோயில் வாசலில் பாய் விரித்து, நாவலை உரக்கப் படிப்பாள். லயமே கூடிவிடும். கதைத் திருவிழா என்றே அதற்குப் பெயர்.

போன வாரம் கதாநாயகி பிரேமாவதி, தாலி கட்டும் நேரத்தில் மணமேடையிலிருந்து எழுந்து ஓடிவிட்டாள். முதல் பாகம் அத்தோடு சரி. "எங்கடி போனா?" என்று பெண்கள் குணவதியைக் குடைந்தெடுத்தார்கள். அவளுக்கு மட்டும் தெரியுமா என்ன? இந்த ஞாயிறு காலையில் சுங்கைப்பட்டாணிக்குப் பஸ் ஏறி, மீரா சாகிபு புத்தகக் கடையில் இரண்டாம் பாகத்தை இரவல் வாங்கினாள்.

"பத்திரம் தங்கச்சி, எங்கிட்ட இருக்கறது இது ஒண்ணுதான்" என்றார் சாகிபு.

புத்தகம் என்றால் அவளுக்குச் சரஸ்வதி. சாமிப் புத்தகத்தைச் சுற்றுவதுபோலச் சிவப்புப் பட்டுத் துணியில் சுற்றி முடிச்சுப் போட்டுக்கொண்டாள். அங்கேதான் வந்தது வினை.

தோட்ட வாசலில் காவலுக்கு நின்ற அலிக்குச் சிவப்பைக் கண்டதும் முகம் மாறிவிட்டது. காட்டில் ஒளிந்திருப்பவர்களின் கொடி நிறமாயிற்றே! தோட்டத்துப் பிள்ளைகளோடு வளர்ந்த மலாய்க்காரர், அரைகுறைத் தமிழ் பேசுவார்.

"கம்யூனிஸ்ட் புக்கா?"

"ஐயோ, கதை லா அண்ணே! கல்யாணக் கதை!"

"அப்ப படி. தப்பா இருந்தா புக்கு ஸ்டேஷனுக்குப் போயிரும்."

புத்தகம் பறிபோனால் சாகிபுக்கு என்ன பதில்? லயத்துக்கு என்ன பதில்? குணவதி தயங்கித் தயங்கி ஆரம்பித்தாள். நாலு வரி போவதற்குள் தயக்கமெல்லாம் பறந்துவிட்டது. பிரேமாவதி சரக்கு ரயிலில் ஏறி ஒளிந்ததையும், வருங்கால மாமியார்க்காரி மூச்சிரைக்கத் துரத்தியதையும் குரலை மாற்றி மாற்றிப் படித்தாள். பஸ்ஸில் வந்தவர்கள் நின்றார்கள். உள்ளேயிருந்தவர்கள் கம்பியோரம் ஓடிவந்தார்கள். அலிக்குப் புரியாத இடங்களைக் தோட்ட ஆபீஸில் கணக்கெழுதும் கிராணி தர்மலிங்கம் மலாயில் சொன்னார். கம்பிக்கு இரண்டு பக்கமும் ஒரே சிரிப்பு. கூட்டத்தைக் கலைக்க வேண்டிய அலியே, "சும்மா இருங்க லா, கேக்கல!" என்று அதட்டினார்.

மாமியார் ரயில்பெட்டிக் கதவில் கைவைத்த இடத்தில் குணவதி பட்டென்று புத்தகத்தை மூடினாள்.

"அப்புறம்?" என்றார் அலி.

"அப்புறம் என்ன? நீங்கதான் புக்க எடுத்துக்கப் போறீங்களே!"

அலி சிவப்புத் துணியை மட்டும் எடுத்துக்கொண்டு, புத்தகத்தை அவளிடமே நீட்டினார்.

"முடிவு தெரியாம இத எப்படிப் பூட்டி வைக்கிறது? உள்ள போயி படி அக்கா. சத்தமா படி. எனக்கு இங்க கேக்கணும்."