சாமி மேடைக்குக் கீழே வைத்த குரல்

கிள்ளானிலிருந்து அந்த அழைப்பு வந்தது ஒரு செவ்வாய்க்கிழமை, காலை ஒன்பது நாற்பதுக்கு.

"அண்ணே, வர்ற மாசம் அவருக்குத் தலைத்திவசம். நீங்க அன்னைக்கு எடுத்தீங்கள்ல ரெக்கார்டிங், அதுல ஒரு காப்பி குடுங்கண்ணே. அவரு குரலு வேற எதுலயும் இல்ல. அவரு கைப்போன மகன் ரீசெட் பண்ணி யாருக்கோ குடுத்துட்டான்."

பேசிய அம்மாவின் கணவர் ரயில்வேயில் சிக்னல் பழுதுபார்த்தவர். பிரிக்ஃபீல்ட்ஸ் ரயில்வே குவார்ட்டர்ஸில் வாழ்ந்தவர்களின் நினைவுகளைப் பதிவு செய்வது என் பல வருடப் பழக்கம். அப்படித்தான் நான்கு ஆண்டுகளுக்கு முன் கிள்ளானில் அவர்கள் வீட்டுக்குப் போயிருந்தேன். 'எடிட் பண்ணிட்டு தரேன்' என்று அன்று சொன்னது நானேதான்.

"பத்திரமா இருக்கும்மா," என்றேன்.

அப்படித்தான் நம்பினேன். எங்கள் வீட்டில் தொலையக் கூடாத எதுவும் சாமி மேடைக்குக் கீழுள்ள சின்ன அலமாரிக்குப் போகும். பிறப்புச் சான்றிதழ்கள், வீட்டுப் பத்திரம், குடியுரிமை கிடைக்காத அப்பாவின் சிவப்பு அடையாள அட்டை எல்லாம் அங்கேதான். மேலே காலையும் மாலையும் விளக்கு எரியும். சிவப்பு பல்பு இரவும் பகலும் எரியும். பழைய மடிக்கணினியை மாற்றியபோது அதன் எஸ்.எஸ்.டி வட்டைக் கழற்றி, ஒரு கூட்டில் போட்டு, மஞ்சள் துணியில் சுற்றி அங்கே வைத்தேன். பல இடங்களில் சிதறிக் கிடப்பதைவிட நல்ல இடத்தில் ஒன்று போதும் என்று நினைத்தேன். ரெக்கார்டரின் மெமரி கார்டை அதற்கு முன்பே அழித்துவிட்டேன். அடுத்த பேட்டிக்கு இடம் வேண்டியிருந்தது. மூன்று வருடம் யாரும் அந்த வட்டைத் தொடவில்லை. காகிதத்துக்கு அதைவிடப் பெரிய பாதுகாப்பு கிடையாது.

அன்று பகலிலேயே வட்டைச் செருகிப் பார்த்தேன். கோப்பின் பெயர் தெரிந்தது, நான் இட்ட தேதியோடு. திறந்தால் கணினி உறைந்து நின்றது.

மறுநாள் சுங்கை வே பகுதியில், அழிந்த தரவை மீட்டுத் தரும் ஒரு கடைக்குப் போனேன். முப்பது வயதிருக்கும் ஒரு பெண்தான் அங்கே எல்லாம்.

"இத எங்க வச்சிருந்தீங்க அங்கிள்?"

"சாமி மேடைக்குக் கீழ."

"வைரஸ் வராம சாமி பாத்துக்கும்னா?" என்று சிரித்தவர், மேலே விளக்கு எரிவதை நான் சொன்னதும் சிரிப்பை நிறுத்திக்கொண்டார். "சூடுதான் அங்கிள் இதுக்கு எமன்."

எனக்குப் புரியும்படி சொன்னார். பழைய வட்டுகளில் தகவல் காந்தப் புள்ளிகளாகப் பதியும். இதில் காந்தம் இல்லை. கோடிக்கணக்கான நுண்ணறைகளில் மின்னேற்றத்தை அடைத்து வைக்கிறார்கள்.

"ஒரு கிளாஸ்ல எட்டு கோடு போட்டு, ஏதாவது ஒரு கோடு வரைக்கும் தண்ணி ஊத்துறீங்கனு வைங்க. தண்ணி எந்தக் கோட்டுல நிக்குதோ அதுதான் உங்க எழுத்து. மூடி வச்சாலும் கொஞ்சம் கொஞ்சமா கசியும். சூட்டுல சீக்கிரமா. அஞ்சாவது கோட்டுல இருந்தது நாலாவதுல நின்னா வேற எழுத்தாயிடும்லா."

"அப்போ என்ன செஞ்சிருக்கணும்?"

"அப்பப்ப கரண்ட் குடுத்து, எடுத்து வேற இடத்துல திரும்ப எழுதணும். இது ஏற்கெனவே ரொம்ப எழுதித் தேஞ்ச வட்டு வேற. சும்மா வச்சிருந்ததுதான் அங்கிள் தப்பு."

ஒன்பது நாள் காத்திருந்தேன். கசிந்ததற்கு ஏற்பக் கோடுகளைக் கீழிறக்கி, ஒவ்வோர் அறையையும் திரும்பத் திரும்ப அளந்து பார்ப்பதாக இடையில் ஒரு முறை சொன்னார். அந்த நாட்களில் எதையும் படிக்க முடியவில்லை. ஒரு முறை நள்ளிரவில் எழுந்து, நான் படியெடுத்து வைத்திருந்த நோட்டைப் பார்த்தேன். அவர் சொன்ன ஒவ்வொரு ஆண்டும் ஊரும் அதில் இருந்தன. ஒன்றும் விடுபடவில்லை என்று என்னையே தேற்றிக்கொண்டேன்.

பத்தாம் நாள் ஒரு பென் டிரைவ் தந்தார். ஒன்றரை மணி நேரப் பதிவில் தொடக்கத்தின் மூன்று நிமிடங்கள் மட்டும்.

கிள்ளான் போகும் கொமுட்டர் ரயிலில் காதில் மாட்டிக் கேட்டேன். பேசுவது நான். நாள், கிழமை, நேரம், வீட்டின் திசை, வெளியே தூறல், பேசப்போகிறவர் பணியில் சேர்ந்த ஆண்டு. பதிவு துல்லியமாக இருக்கவேண்டும் என்பதற்காக எப்போதும் அப்படித்தான் தொடங்குவேன். மீண்ட மூன்று நிமிடங்களில் இரண்டரையை நானே பேசித் தீர்த்திருந்தேன். ஷா ஆலமைத் தாண்டும்போது இறங்கித் திரும்பிவிடலாமா என்று தோன்றியது.

அந்த அம்மா மைலோ கலக்கி வைத்திருந்தார். நடந்ததை முழுவதும் சொன்னேன். பிறகு நோட்டின் நகலை நீட்டினேன். நாலைந்து பக்கம் புரட்டிவிட்டு மூடினார்.

"இதெல்லாம் எனக்குத் தெரியும்ணே. கூட இருந்தவதானே நானு. கெடச்சத போடுங்க."

போட்டேன். என் குரல் நீண்டுகொண்டே போனது. அந்த அம்மா பொறுமையாகக் கேட்டார். கடைசியில் அவர் கணவர் தொண்டையைச் செருமும் ஒலி, ஒரு "சரிங்க". பிறகு, மைக்கிலிருந்து முகத்தைத் திருப்பிச் சொல்வது போல:

"ஏய், அந்த ஃபேன நிறுத்து லா. அவரு ரெக்கார்டு பண்றாரு, உள்ள காத்துதான் கேக்கப் போவுது."

அத்துடன் சரசரவென்ற இரைச்சல். அப்புறம் ஒன்றுமில்லை.

"அவ்வளவுதானா?"

"அவ்வளவுதாம்மா."

"அன்னைக்கே குடுத்திருந்தீங்கன்னா என் போன்ல இருந்திருக்கும்," என்றார். குரலில் கோபம் இல்லை. நான் தலையைக் குனிந்துகொண்டேன்.

பிறகு அவர் எழுந்து போய், தலைக்கு மேல் ஓடிக்கொண்டிருந்த விசிறியை நிறுத்தினார்.

"இப்ப இன்னொரு தடவ போடுங்க. நீங்க பேசுறது வேணாம். அவரு பேசுறது மட்டும்."

நான் கிளம்பும் வரை அந்த விசிறி ஓடவில்லை.